செவிலிக்குக் காய்ச்சல் வந்தால்



மருந்து என்னும் அதிகாரத்தை முடிக்கும் இடத்தில் வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறாகப் பிரித்துக் காட்டுகிறார். நோயுற்றவர் ஒரு கூறு. நோயைத் தீர்க்கும் மருத்துவர் ஒரு கூறு. மருந்து மற்றொரு கூறு. அம்மருந்தை அருகில் இருந்து காலம் அறிந்து கொடுப்பவர் நான்காம் கூறு. அந்த நான்காமவரைத்தான் இக்காலத்தில் நாம் செவிலியர் என்று அழைக்கிறோம். பழைய அகப்பாடல்களில் செவிலி என்பவள் தலைவியை வளர்த்த தாய். பெற்றவள் அல்லள், ஆயினும் தாய். அப்பெயரை மருத்துவமனைப் பணிக்கு வழங்கியது பொருத்தமே. இந்த நான்கு கூறுகளையும் பள்ளிப் பருவத்திலேயே நாம் படித்துவிடுகிறோம். ஆனால் நான்காமவரே நோயுற்று முதற் கூறாகிவிட்டால் என்ன செய்வது என்று கேட்க நாம் பழகவில்லை. அந்தக் கேள்வியையே இன்று உங்கள் முன் வைக்க வந்திருக்கிறேன்.

நான் முப்பத்து நான்கு ஆண்டுகள் செவிலியாகப் பணி செய்து ஓய்வு பெற்றவள். சதுரங்கப்பட்டினத்தில் பிறந்து, திருக்கழுக்குன்றத்தில் வாழ்க்கைப்பட்டவள். மாமல்லபுரத்திலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டுக்குச் செல்லும் சாலையில், உடை கசங்காமல் பேருந்தில் நின்றுகொண்டு எத்தனை ஆயிரம் முறை போய் வந்திருப்பேன் என்று கணக்கிட முடியாது. அவ்வாறு சென்ற நாள்களில் ஒரு நாளை மட்டும் என்னால் மறக்க இயலவில்லை.

1988ஆம் ஆண்டு, கார்த்திகை மாதத்து மழை இரவு. அப்போது நான் பணி செய்த மருத்துவமனையின் பெயர் இங்கு வேண்டா. எனக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல். பெண்கள் வார்டில் நாற்பது கட்டில்கள். இரவில் இருவர் பார்க்க வேண்டிய இடம். என்னுடன் பணி செய்தவள், தந்தையார் இறந்த செய்தி வந்து, திருநெல்வேலிக்குப் போயிருந்தாள். நானும் வாராவிட்டால், பிற்பகல் முறையில் வந்தவளே விடியும்வரை நிற்க வேண்டும். அவளுக்கோ வீட்டில் எட்டு மாதக் குழந்தை. இரண்டு பாராசிட்டமால் மாத்திரைகளை விழுங்கிவிட்டு நான் பேருந்து ஏறினேன்.

இரவு எப்படியோ கழிந்தது. விடியற்காலையில், பதினைந்தாம் கட்டிலில் இருந்தவருக்குக் காலை உணவுக்கு முன் போட வேண்டிய இன்சுலின் மருந்தை ஊசியில் ஏற்றிக்கொண்டு சென்றேன். சென்றவள் பதினான்காம் கட்டிலில் படுத்திருந்த மூதாட்டியின் கையைப் பற்றினேன். அவர் மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு மீனவக் குப்பத்தைச் சேர்ந்தவர்; வழுக்கி விழுந்து கால் எலும்பு முறிந்து வந்தவர். "எனக்குச் சக்கரை இல்லியே நர்சம்மா, இந்த ஊசி பக்கத்துக் கட்டிலுக்குத்தானே?" என்றார். என் கை நின்றது. சர்க்கரை நோய் இல்லாத முதியவர் ஒருவருக்கு, வெறும் வயிற்றில், அம்மருந்து சென்றிருந்தால் என்ன நேர்ந்திருக்கும்? இரத்தத்தில் சர்க்கரை தாழும், உடல் வியர்க்கும், நினைவு தப்பும், கவனிப்பார் இல்லையேல் உயிருக்கே கேடு வரும்.

அந்த அம்மையார் சினந்துகொள்ளவில்லை. தம்மைப் பற்றியிருந்த என் கையைத் தொட்டுப் பார்த்தார். "உடம்பு இப்படிக் கொதிக்குதே, நீ ஏம்மா வந்தே?" என்று கேட்டார்.

"ஒன்றும் இல்லை, பாட்டி" என்று சொல்லிவிட்டுப் பக்கத்துக் கட்டிலுக்குச் சென்றேன். காலையில் பணியை ஒப்படைக்கும்போது இந்நிகழ்ச்சியை நான் பதிவேட்டில் எழுதவில்லை. பொறுப்புச் சிஸ்டரிடம் சொல்லவும் இல்லை. சொல்லியிருந்தால், "ஏன் கவனமில்லாமல் இருந்தாய்?" என்று கேட்டிருப்பார்கள். "காய்ச்சலோடு உன்னை ஏன் நிற்க வைத்தோம்?" என்று எவரும் தம்மையே கேட்டுக்கொண்டிருக்கமாட்டார்கள். பல ஆண்டுகள் கழித்து, இப்போதுதான் இதனை வெளியே சொல்கிறேன். அந்த மூதாட்டியின் கேள்விக்கு அன்று நான் சொல்லாத விடையை இன்று ஒழுங்காகச் சொல்லிப் பார்க்கிறேன்.

முதல் விடை, உடன் பணி செய்பவளை எண்ணி வந்தேன் என்பது. இது எனக்கு மட்டும் உரிய விடை அன்று. அமெரிக்க நாட்டில் பிலடெல்பியா நகரத்துக் குழந்தைகள் மருத்துவமனை ஒன்றில், மருத்துவரும் உயர்நிலைச் செவிலியருமாக ஐந்நூற்றுக்கு மேற்பட்டோரை வினவி, 2015ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நோயோடு பணிக்கு வருவது நோயாளிகளுக்குத் தீங்கு தரும் என்று அவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் ஒப்புக்கொண்டார்கள். ஆயினும், கடந்த ஓராண்டில் ஒரு முறையேனும் அவ்வாறு வந்தோம் என்று நூற்றுக்கு எண்பத்து மூன்று பேர் கூறினார்கள். காரணம் கேட்டபோது ஏறத்தாழ எல்லோரும் கூறியது, உடன் பணி செய்வோரைக் கைவிட மனம் வரவில்லை என்பதே. ஆள் பற்றாக்குறையும், நோயாளியைக் கைவிடலாகாது என்னும் எண்ணமும் அடுத்து நின்றன. மாணவ மாணவியரே, இதை நன்கு கவனியுங்கள். அவர்கள் அறியாமையால் வரவில்லை. தீங்கு என்று அறிந்தே வந்தார்கள். ஆகவே, "நோயோடு வருதல் தவறு" என்று சுவரில் எழுதி ஒட்டுவதால் மட்டும் இது தீர்ந்துவிடாது.

இரண்டாம் விடை, கணக்கு. உடன் பணி செய்பவளைக் கைவிடுவது போல் ஏன் தோன்றுகிறது? என் இடத்தில் நிற்க வேறு ஒருவர் இல்லாமையால்தான். மருத்துவக் கல்லூரியைச் சார்ந்த மருத்துவமனையின் பொது வார்டில் மூன்று நோயாளிக்கு ஒரு செவிலியும், பிற மருத்துவமனைகளில் ஐந்து நோயாளிக்கு ஒரு செவிலியும் வேண்டும் என்பது இந்தியச் செவிலியர் மன்றம் வகுத்த அளவு. அதற்கு மேலும் நூற்றுக்கு முப்பது வீதம் ஆள்களைக் கூட்டிக்கொள்ள வேண்டும் என்றும் அவ்வளவு கூறுகிறது. இந்த முப்பது எதற்கு? விடுப்புக்கு. அதாவது, செவிலியும் மனிதப் பிறவி, அவளுக்கும் காய்ச்சல் வரும், மகப்பேறு வரும், வீட்டில் சாவும் வாழ்வும் வரும் என்பதை முன்னரே எண்ணிக் கணக்கில் சேர்த்த எண் அது. அந்த முப்பது இல்லாத இடத்தில் விடுப்பு விதி ஏட்டில் இருந்தும் பயன் இல்லை. நாற்பது பேருக்கு ஒருத்தியாக நின்ற அன்றைய இரவில் எனக்கும் விடுப்பு உரிமை இருந்தது. அதை எடுத்துக்கொள்ள இடம் இல்லை.

நம் ஊர்ப்புறக் கணக்கையும் பாருங்கள். இருபத்து நான்கு மணி நேரமும் மகப்பேறு பார்ப்பதற்காக, நம் மாநிலத்து ஆரம்பச் சுகாதார நிலையங்களில் மூன்று செவிலியரை அமர்த்தும் முறை வந்தது. அது தாய்மாருக்குப் பெரிய நன்மை செய்த ஏற்பாடு, ஐயமில்லை. ஆனால் ஒரு நாளைக்கு மூன்று முறை வீதம் வாரத்துக்கு இருபத்தொரு முறை ஆகிறது. மூவர் பகிர்ந்தால் ஆளுக்கு ஏழு. வார ஓய்வுக்கே இடம் இல்லை. ஓய்வு வேண்டுமானால் ஒருவர் மற்றவருக்காக இரண்டு முறை தொடர்ந்து நிற்க வேண்டும். அம்மூவரில் ஒருவருக்குக் காய்ச்சல் கண்டால் இருபத்தொன்றையும் இருவர் பகிர்ந்தாக வேண்டும். இக்கணக்கைப் போட ஐந்தாம் வகுப்பு மாணவனே போதும். எனினும் காய்ச்சல் வந்தவளின் மனத்தில் இது கணக்காகத் தோன்றுவதில்லை. குற்ற உணர்வாகத் தோன்றுகிறது.

அடுத்து, கடற்கரைச் சிற்றூர்களில் பணி செய்யும் கிராமச் சுகாதாரச் செவிலியை எண்ணுங்கள். சமவெளியில் ஐயாயிரம் மக்களுக்கு ஒரு துணைச் சுகாதார நிலையம் என்பது அளவு. அங்கே அவள் பெரும்பாலும் தனி ஒருத்தி. புதன்கிழமை தடுப்பூசி நாள். குழந்தைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு தாய்மார் வந்து காத்திருப்பார்கள். மீன் விற்கப் போக வேண்டியவர்கள், அன்றைய வருமானத்தை விட்டுவிட்டு வந்தவர்கள். செவ்வாய் இரவு அவளுக்கு வாந்தியும் பேதியும் கண்டால், "அடுத்த புதன் வாருங்கள்" என்று அவர்களிடம் எப்படிச் சொல்வாள்? ஓ.ஆர்.எஸ். பொடியைக் கரைத்துக் குடித்துவிட்டு அவளே வந்து அமர்கிறாள். பச்சிளங் குழந்தைகளைத் தொடுகிறாள்.

மூன்றாம் விடை, ஊதியம். அன்று எனக்கு வேலை நிலையானது. ஒரு நாள் வாராவிட்டால் ஊதியம் போய்விடாது. எல்லோருக்கும் அவ்வாறு அன்று. 2015ஆம் ஆண்டு முதல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் வழியாகப் பல்லாயிரம் செவிலியர் தொகுப்பூதியத்தில் சேர்ந்தார்கள். தொடக்கத்தில் மாதம் 7,700 ரூபாய். 2017 நவம்பரில் அவர்கள் பணி நிரந்தரம் கேட்டுச் சென்னையில் பெருந்திரளாகக் கூடியதை நாளிதழ்கள் எழுதின. ஊதியம் பின்னர் 14,000 ஆயிற்று. தனியார் மருத்துவமனைகளின் நிலையை ஆராயுமாறு 2016ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் பணித்தது. அதன்படி அமைந்த குழு, இருநூறு கட்டில்களுக்கு மேற்பட்ட மருத்துவமனைகளில் அரசுச் செவிலியருக்கு இணையான ஊதியம் வேண்டும் என்றும், ஐம்பது கட்டில்களுக்குக் குறைந்த இடத்திலும் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையலாகாது என்றும், விடுப்பும் வேலை நேரமும் அரசுப் பணியை ஒத்திருக்க வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. பரிந்துரை வேறு, நடைமுறை வேறு. வாராத நாளுக்குக் கூலி இல்லை என்னும் இடத்தில் காய்ச்சல் ஒரு செலவாகிவிடுகிறது. வீட்டு வாடகையும் தம்பியின் கல்லூரிக் கட்டணமும் கண்முன் நிற்கும்போது, உடல் வெப்பம் நூற்றொன்றானாலும் கால் பேருந்து நிலையத்தை நோக்கியே நடக்கும்.

இங்கே ஒரு செய்தியையும் சொல்ல வேண்டும். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிறந்த ஊழியர் அரசு ஈட்டுறுதித் திட்டத்தில், நோய்க் காலத்துக்கு ஊதியத்தில் நூற்றுக்கு எழுபது வீதம், ஆண்டுக்குத் தொண்ணூற்றொரு நாள் வரை கிடைக்க வழி உண்டு. காசநோய் போன்ற நெடுநோய்களுக்கு அதனினும் நீண்ட உதவி உண்டு. செவிலியாகப் போகும் மாணவியர், தமக்கு அத்திட்டம் பொருந்துமா என்பதைப் பணியில் சேரும் நாளிலேயே கேட்டறிதல் நலம். தமக்கு உரியது இன்னது என்று அறியாமலே பல ஆண்டு பணி செய்தவர்களை நான் கண்டிருக்கிறேன்.

நான்காம் விடை, ஐயம். நோய் என்று சொன்னால் நம்புவார்களா என்னும் அச்சம். காய்ச்சலை வெப்பமானி காட்டும். இடுப்பு வலியைக் காட்ட ஒரு கருவி இல்லை. மாதவிடாய் வலியைக் காட்ட ஒரு கருவி இல்லை. தந்தையை இழந்த துயரத்தையும் தூங்காத மூன்று இரவுகளையும் காட்டக் கருவி இல்லை. நோயாளியைத் தூக்கிப் புரட்டிப் புரட்டி, முதுகெலும்பு தேய்வது செவிலியரின் தொழில் நோய். "நேற்று நன்றாகத்தானே இருந்தாய்?" என்னும் ஒரு சொல் போதும், இளம்பெண் ஒருத்தி அடுத்த முறை வாய் திறவாமல் இருப்பதற்கு. அச்சொல்லைச் சொன்னவர்களும் கொடியவர்கள் அல்லர். பட்டியலில் ஒரு பெயர் குறைந்தால் அதை நிரப்ப வழியறியாது தவிப்பவர்கள் அவர்கள். நானும் பின்னாளில் அதே நாற்காலியில் அமர்ந்து அதே சொல்லைச் சொன்னதுண்டு.

ஐந்தாம் விடை, வீடு. நோயுற்ற ஆண்மகன் வீட்டில் தங்கினால் படுத்துக்கொள்வான். செவிலியரில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். அவள் வீட்டில் தங்கினால் சமையல் அவளுக்குக் காத்திருக்கும். தண்ணீர் பிடிப்பது காத்திருக்கும். அன்றியும், இருக்கின்ற சில விடுப்பு நாள்களைத் தனக்கென்று அவள் செலவிடுவதில்லை. பிள்ளையின் அம்மைக்கு இரண்டு, மாமியாரின் கண் அறுவைக்கு மூன்று என்று ஒதுக்கி வைக்கிறாள். தன் காய்ச்சலுக்கு மிஞ்சுவது ஒன்றும் இல்லை.

ஆறாம் விடையைச் சொல்ல எனக்குச் சற்றுத் தயக்கம். ஏனெனில் அது பெருமையோடு கலந்தது. தன்னை மறந்து தொண்டு செய்பவளே நல்ல செவிலி என்று எங்களுக்குக் கற்பித்தார்கள். விளக்கேந்திய நங்கை பிளாரன்சு நைட்டிங்கேலின் படத்தை வகுப்பறைச் சுவரில் மாட்டியிருந்தார்கள். 1854இல் கிரிமியப் போரில் காயமுற்றோரைக் காக்கச் சென்ற அவ்வம்மையார், 1855ஆம் ஆண்டு மே மாதத்தில் கடுங்காய்ச்சலில் வீழ்ந்து உயிர் பிழைத்தார். மீண்டும் பணிக்குத் திரும்பினார். நாடு திரும்பிய பின் நெடுங்காலம் நோயாளியாகவே வாழ்ந்து, படுக்கையில் இருந்தபடியே எழுதிக் குவித்தார். அவர் வாழ்விலிருந்து உலகம் எடுத்துக்கொண்ட பாடம், நோயிலும் தளராதே என்பது. ஆனால் 1859இல் அவர் எழுதிய செவிலியம் பற்றிய சிறு நூலில் வேறொரு பாடம் இருக்கிறது. செவிலி அறையில் இல்லாத வேளையில் நோயாளிக்கு என்ன நேரும் என்பதே அந்நூலில் ஒரு பகுதியின் கவலை. தான் இல்லாதபோதும் காரியம் தவறாமல் நடைபெறுமாறு ஒழுங்கு செய்துவைப்பது செவிலியின் கடமைகளுள் ஒன்று என்பது அவர் கருத்து. எங்கும் தானே இருக்க வேண்டும் என்று எண்ணுவதை அவர் திறமையாகக் கொள்ளவில்லை. சுவரில் இருந்த படத்தை நாங்கள் வணங்கினோம். அந்தப் பகுதியை நாங்கள் ஊன்றிப் படிக்கவில்லை.

இவ்வாறு வந்து நிற்பதால் யாருக்கு என்ன கேடு? முதலாவது, தொற்று. இன்புளுயன்சாக் காய்ச்சல் கண்டவர், அறிகுறி தோன்றுவதற்கு ஒரு நாள் முன்பிருந்து, தோன்றிய பின் ஐந்து முதல் ஏழு நாள்கள் வரை பிறருக்கு அதைத் தரக்கூடும். நலமுள்ளவருக்கு அது நான்கு நாள் துன்பம்; முதியவருக்கும் கருவுற்றவருக்கும் குறைமாதக் குழந்தைக்கும் அது உயிர்ப்போராட்டம். காசநோய் இதனினும் பொல்லாதது. அதைப் பற்றி நம் மாவட்டமே உலகுக்கு ஒரு பாடம் கற்பித்திருக்கிறது. 1968ஆம் ஆண்டில், அக்காலத்துச் செங்கல்பட்டு மாவட்டத்தில், இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்களைக் கொண்டு, பி.சி.ஜி. தடுப்பூசி பற்றிய மிகப் பெரிய ஆராய்ச்சி ஒன்று தொடங்கியது. உலகெங்கும் மருத்துவ நூல்கள் இன்றும் நம் ஊரின் பெயரால் அதைக் குறிப்பிடுகின்றன. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசத்தை அத்தடுப்பூசி தடுப்பதாகத் தெரியவில்லை என்பதே அதன் முடிவு. சிறு குழந்தைகளை மூளைக்காய்ச்சல் போன்ற கொடிய காசவகைகளிலிருந்து அது காப்பதால், பிறந்தவுடன் போடுவதை நாம் நிறுத்தவில்லை, நிறுத்தலும் ஆகாது. ஆனால், "எனக்குத்தான் சிறு வயதிலேயே ஊசி போட்டிருக்கிறதே" என்று இரண்டு வார இருமலை ஒரு செவிலி பொருட்படுத்தாமல் இருப்பாளானால், நம் மாவட்டம் கற்பித்த பாடத்தை நாமே மறந்தவர்கள் ஆவோம்.

இரண்டாவது கேடு, பிழை. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்துச் செவிலியரை ஆராய்ந்து 2012இல் வெளியிட்ட கட்டுரை, உடல் வலியோடும் மனச்சோர்வோடும் பணி செய்வோரிடத்தில் மருந்துப் பிழைகளும் நோயாளிகள் கீழே விழும் நிகழ்ச்சிகளும் மிகுதி என்று காட்டியது. பதினேழு மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் கையும் கண்ணும், ஓரளவு மது அருந்தியவரின் கையும் கண்ணும் போலத் தடுமாறும் என்று ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 1997இல் கண்டார்கள். மது அருந்தியவரை வண்டி ஓட்ட நாம் விடுவதில்லை. காய்ச்சலோடு இரவு முழுதும் விழித்தவளிடம் இன்சுலின் ஊசியைக் கொடுக்கிறோம். மூன்றாவது கேடு, அவளுக்கே. நான்கு நாளில் தீர வேண்டிய நோய் நாற்பது நாள் இழுக்கும், வலி நிலைத்துவிடும், நல்ல செவிலியர் பலர் இடைவயதிலேயே பணியை விட்டு விலகுவர்.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய குறை அன்று. ஸ்வீடன் நாட்டில் செய்து 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, நோயோடு வேலைக்குச் செல்வது எத்தொழிலில் மிகுதி என்று தேடியது. நோயாளிகளைப் பேணுவோரும் ஆசிரியரும் முன்னணியில் நின்றார்கள். பிறரைக் காப்பதே எவருக்குத் தொழிலோ அவர்களே தம்மைக் காத்துக்கொள்ளுதலில் பின்தங்கியிருக்கிறார்கள். இதனை உணர்ந்துதான் போலும், 1977ஆம் ஆண்டில் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு செவிலியருக்கென்றே ஓர் உடன்படிக்கையை வகுத்து, வேலை நேரம், வார ஓய்வு, நோய் விடுப்பு, மகப்பேற்று விடுப்பு ஆகியவற்றில் அவர்கள் நாட்டின் பிற தொழிலாளருக்குக் குறைந்தவர்களாக இருத்தல் கூடாது என்று கூறியது.

இங்கே ஒருவர் எழுந்து கேட்கலாம்: "தும்மல் வந்தாலே வீட்டில் படுத்துக்கொண்டால் மருத்துவமனை நடக்குமா?" நியாயமான கேள்வி. எல்லா நோயும் ஒன்றல்ல. காய்ச்சல் உள்ளவர், மாத்திரையின் துணை இல்லாமலே ஒரு நாள் முழுதும் காய்ச்சலின்றி இருந்த பின் வரலாம். வாந்தி பேதி கண்டவர் அது நின்று இரண்டு நாள் கழிந்த பின் வரலாம். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் சளியைச் சோதித்தாக வேண்டும். இடுப்பு வலி உள்ளவரை வீட்டுக்கு அனுப்பத்தான் வேண்டும் என்பதில்லை. தூக்கிப் புரட்டும் வேலையிலிருந்து விலக்கிப் பதிவேட்டு வேலையில் அமர்த்தலாம். இவ்வாறு பிரித்தறியும் விதிகள் எழுத்தில் இருந்தால், செவிலி கெஞ்ச வேண்டியதில்லை. மேலாளர் ஐயுற வேண்டியதில்லை.

மற்றொருவர், "ஆபத்துக் காலத்தில் இதெல்லாம் பார்க்க முடியுமா?" என்று கேட்கலாம். முடியாது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஞாயிறு காலையில் கடல் பொங்கி, மாமல்லபுரம் முதல் கல்பாக்கம் வரை உள்ள நம் கரையை அடித்தபோது, தனக்கு உடம்பு சரியில்லை என்று எண்ணிப் பார்த்தவர் எவர்? 2020இல் பெருந்தொற்று வந்தபோதும் அவ்வாறே பலர் தம்மை மறந்து நின்றார்கள். அது வணங்கத்தக்க அறம். ஆனால், கடல் பொங்கிய நாளுக்கு உரிய அறத்தை, ஒன்றும் நேராத ஒரு செவ்வாய்க்கிழமையிலும் நாம் கேட்கிறோம். அடுத்த செவ்வாயும் கேட்கிறோம். ஆபத்து என்பது எப்போதேனும் வருவது. ஆள் பற்றாக்குறை ஆண்டு முழுதும் இருப்பது. அதை ஆபத்து என்று அழைத்தால், அதைத் தீர்க்க வேண்டியவர்கள் தீர்க்காமல் இருந்துவிடுவார்கள்.

நான் பிற்காலத்தில் ஒரு வார்டின் பொறுப்பை ஏற்றேன். ஒரு நாள், பணிக்குச் சேர்ந்து மூன்று மாதமே ஆன பெண் ஒருத்தி, கண் சிவந்து நடுங்கிக்கொண்டு வந்து நின்றாள். கையைத் தொட்டுப் பார்த்தேன். "வீட்டுக்குப் போ அம்மா" என்றேன். அவள் அழத் தொடங்கினாள். தன்னை வேலையை விட்டு அனுப்புவதாக எண்ணிவிட்டாள். தேற்றி அனுப்பிவிட்டு, அவளுடைய முறையை நானே பார்த்தேன். அன்று நற்செயல் செய்தோம் என்று மகிழ்ந்தேன். மறுநாள் என் இடுப்பு என்னை எழவிடவில்லை. அப்போதுதான் எனக்கு ஒன்று விளங்கிற்று. நான் செய்தது ஏற்பாடு அன்று, கடன். அவளுடைய நோயை வாங்கி என் முதுகில் வைத்துக்கொண்டேன், அவ்வளவே. அன்பினால் ஒரு நாளைச் சமாளிக்கலாம். ஆண்டு முழுதும் சமாளிக்க, அந்த நூற்றுக்கு முப்பது என்னும் கூடுதல் ஆள் வேண்டும்.

இதைக் கேட்கும் மாணவ மாணவியருள் சிலர் செவிலியர் ஆவீர்கள். சிலர் மருத்துவர் ஆவீர்கள். சிலர் அலுவலகங்களில் அமர்ந்து, எந்த மருத்துவமனைக்கு எத்தனை பணியிடம் என்று எழுதும் பேனாவைப் பிடிப்பீர்கள். அப்பேனாவைப் பிடிப்பவர்களுக்கே என் வேண்டுகோளில் பெரும்பங்கு. கட்டில்களை எண்ணும்போது, செவிலியர் நோயுறும் நாள்களையும் சேர்த்து எண்ணுங்கள். மருத்துவமனையைப் பார்வையிடச் செல்லும்போது, "நேற்று எத்தனை பேர் விடுப்பு?" என்று மட்டும் கேளாதீர்கள், "அவர்கள் இடத்தில் நின்றவர் யார்? அவர் முந்திய முறையிலும் நின்றவரா?" என்று கேளுங்கள். பிழை நேர்ந்தது என்று ஒரு செவிலி தானே வந்து சொன்னால், அவள் எத்தனை மணி நேரம் விழித்திருந்தாள் என்பதை முதலில் கேளுங்கள். அவ்வாறு கேட்பார் இருந்திருந்தால், அன்று காலை நானும் பதிவேட்டில் எழுதியிருப்பேன்.

உங்களில் எஞ்சியோர் நோயாளியாகவோ நோயாளியின் உறவினராகவோ மருத்துவமனைக்குச் செல்வீர்கள். அங்கே ஒரு செவிலி இருமிக்கொண்டோ, இடுப்பைப் பிடித்துக்கொண்டோ நடப்பதைக் கண்டால், முகத்தைச் சுளிக்காதீர்கள். வாய்மூடி இருந்துவிடவும் வேண்டா. அந்தக் குப்பத்து மூதாட்டி என்னிடம் கேட்டதையே கேளுங்கள். எனக்கு வர வேண்டிய தண்டனையிலிருந்தும் தமக்கு வர இருந்த கேட்டிலிருந்தும் அவர் காத்தார். பத்து நாளில் அவரை மாற்று வார்டுக்குக் கொண்டுசென்றார்கள். பிறகு நான் அவரைக் காணவில்லை. அவருடைய ஊரும் பெயரும் கேஸ் ஷீட்டில் இருந்தன. ஒரு நாள் தேடிப் போய் அந்த விடையைச் சொல்லியிருக்கலாம். சொல்லாமல் விட்டதை இன்று உங்களிடம் சொன்னேன்.